பேர் இல்லாத பதினோரு பாட்டில்கள்

எல்லாரும் நல்லா இருக்கீங்களா? உங்கள் பக்கம் மழை உண்டா? இங்கே சின்னமனூரில் காலையிலிருந்து தூறல்.

ஜோதி மதினி போய்விட்டார்... காபி குடித்துவிட்டு உட்கார்ந்தவர்தான். எழுந்திருக்கவில்லை.

என் பெரியப்பா மகன் ரவி அண்ணனின் மனைவி. கெமிஸ்ட்ரி படித்தவர். திராட்சைத் தோட்டக்காரர்கள் மண்ணையும் போர்த் தண்ணீரையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். வீட்டுப் பின்னறையில் வைத்து டெஸ்ட் பண்ணிச் சொல்வார்.

நான் தகரப் பட்டறைக்காரன். பள்ளிக்கூடத்துக்குள் நான் போனதெல்லாம் ஓட்டுப் போடத்தான்.

அந்த லேபுக்கு அண்ணன் போட்ட கண்டிஷன் ஒன்றே ஒன்று. "ஒரு தடவ வாடை அடுப்படிக்கு வந்துச்சு... அம்புட்டையும் ஆட்டோவுல ஏத்திருவேன்."

ரெண்டாயிரத்து மூணு வாக்கில் ஒரு பேக்கரியை மூடினார்கள். தேங்காய் பன் அருமையாக இருக்கும், அது வேறு கதை. அங்கே பப்ஸ் அடுக்குகிற கண்ணாடி ஷோகேஸை மதினி வாங்கிவந்தார். நான் ஃபேன் மாட்டி, கூரைக்கு மேலே தகரக் குழாய் ஏற்றிக் கொடுத்தேன். புகை வருகிற வேலையெல்லாம் அதற்குள்தான்.

மூன்றே மாசம். ஆசிட் புகையில் குழாய் சல்லடையாகிவிட்டது.

"கொழுந்தனாரே, ஒங்க தகரம் என் ஆசிட்டுக்குப் பலகாரமாப் போச்சு." பிறகு பிவிசி பைப் போட்டோம்.

ஆசிட் எல்லாம் கீழ்த்தட்டில், பிளாஸ்டிக் பேசினுக்குள். அமோனியா கேன் எதிர்ச்சுவர் அலமாரியில். ஏன் என்று கேட்டேன். "பேச்சுவார்த்த இல்லாத சம்பந்திக. ஒரே பந்தியில ஒக்கார வைக்கலாமா?"

இனிதான் என் லட்சணம்...

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். மதினி பொரி வாங்கப் போயிருந்தார், அண்ணன் தோட்டத்தில். ஃபேனுக்கு எண்ணெய் விடப் போனேன். என் பட்டறையில் சுத்தியல் முதல் கத்தரி வரை கழுவிப் பொட்டு வைத்தாயிற்று. மதினிக்கு இந்த ஆசிட் பாட்டில்களும் ஆயுதம்தானே?

பதினோரு பாட்டிலையும் குழாயடிக்குக் கொண்டுபோய், தேங்காய் நார் போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். பேர் எழுதி ஒட்டியிருந்த தாளெல்லாம் போய்விட்டது. சந்தனம், குங்குமம்... வரிசையாக வெயிலில் வைத்தேன்.

மதினி வந்தார். கையிலிருந்த பொரி கீழே கொட்டியது.

"என்ன வேல பாத்து வச்சிருக்கீக? எதுல எது இருக்குன்னு எப்புடித் தெரியும்?"

"மோந்து பாத்தாத் தெரிஞ்சிராதா?" என்று மூடியைத் தொட்டேன்.

"கைய எடுங்க! மூக்கு வேணுமா வேணாமா?"

அண்ணன் சாப்பாட்டுக்கு வர ஒரு மணி நேரம்தான். மதினி தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பொட்டு வைத்த பாட்டில்களைப் பார்த்தார். திடீரென்று சிரிப்பு... கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு.

அப்புறம் கண்ணாடி, கையுறை மாட்டி, ஃபேனைப் போட்டார். ஒவ்வொன்றாக ஷோகேஸுக்குள். ஒன்று எண்ணெய் போலக் கெட்டி. ஒன்றின் சொட்டில் செம்புக் கம்பியைப் போட்டதும் பழுப்புப் புகை. இன்னொன்றின் பக்கத்தில் அமோனியா தொட்ட குச்சியைக் காட்டினார்... சாம்பிராணி போல வெள்ளைப் புகை. நான் கும்பிட்டுவிட்டேன்.

"சாமி இல்ல கொழுந்தனாரே. சம்பந்தி சண்ட."

ஒன்பது தெரிந்துவிட்டது. ரெண்டு மட்டும் பிடிபடவில்லை.

"குத்துமதிப்பா எழுதுங்க மதினி, அண்ணன் வந்துருவாக."

"தெரியாததுக்கு என்னத்த எழுத?" பெயிண்டில் 'தெரியாது' என்றே எழுதி, தனி பேசினில் வைத்தார்.

அண்ணன் வந்தார். "என்னடி, பாட்டிலுக்கெல்லாம் பொட்டு? இதென்ன, தெரியாது?"

மதினி ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். என்னையும் சேர்த்துத்தான்! நான் செருப்பைத் தேடினேன்.

அண்ணன் நேராக அடுப்படிக்குப் போனார். உள்ளே மூச்சை இழுப்பது வெளியே கேட்டது.

"பூண்டுக் கொழம்பு வாடைதான வருது" என்றார். "சோத்தப் போடு. பூச முடிஞ்சதும் அந்த ரெண்டையும் நீ படிச்ச காலேஜுல காட்டுவோம். நானே வண்டி ஓட்டுறேன்."

என்னைப் பார்த்து: "ஏலே, நீ இனிமே ஒன் சுத்தியல மட்டும் கழுவு."

அப்புறம் ரெண்டு பேரும் போய்க் காட்டிவிட்டு வந்தார்கள், பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே. சிரித்த சிரிப்பு...

இருங்க, அண்ணன் கூப்பிடுகிறார். தூக்க ஆள் பத்தவில்லையாம். வந்துட்டேன்ணே!

போயிட்டு வாங்க மதினி. அந்த ரெண்டுலயும் என்னதான் இருந்துச்சுன்னு நான் ஒங்ககிட்ட கேக்கவே இல்லையே...