புது பெல்ட், புதுச் சத்தம்

நேற்றுத்தான் காருக்கு டைமிங் பெல்ட் மாற்றினேன். இன்று காலை எஞ்சினிலிருந்து விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம். வேகம் கூடக் கூட அதுவும் கூடியது.

பெல்ட் மாற்றிய நிஸ்தார் நானாவிடமே திரும்பப் போனேன். மதுரங்குளியில் அண்மையில்தான் சொந்தமாகக் கராஜ் திறந்திருக்கிறார். வாசலில் இரண்டு பேர் வாகனங்களோடு காத்திருந்தார்கள். அவர்கள் காதில் விழாமல், "நானா, ஒரு சத்தம் கேக்குது" என்று மெதுவாகச் சொன்னேன்.

அவர் மூடியைக் கழற்றி, பெல்ட்டை விரலால் திருப்பிப் பார்த்தார். அது அசையவே இல்லை.

"கூட இறுக்கிட்டேன் தங்கச்சி. என்ட பிழைதான்" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

காத்திருந்த வேன்காரர் அதைக் கேட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நானா நிமிர்ந்து பார்க்கவில்லை. குனிந்து பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தார். என்னால் ஒரு வாடிக்கை போய்விட்டதே என்று எனக்குத்தான் மனம் சரியில்லை.

எஞ்சினை ஸ்டார்ட் செய்தோம். சத்தம் நின்றிருந்தது.

மற்றவர், மீன் லொறிக்காரர், எழுந்து வந்தார். "நானா, என்ட பெல்ட்டையும் மாத்தணும். கொஞ்சம் லூசாவே போடுங்க."

நானாவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது.

நீங்களாக இருந்தால் நின்றிருப்பீர்களா, போயிருப்பீர்களா? அவரைப் போலவே உண்மையைச் சொல்லுங்கள்.