துரைக்கண்ணு பறவை காட்டிய காலை

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து கல்லணை வரைக்கும் காவிரிக்கரையில் துரைக்கண்ணுவுக்குத் தெரியாத பறவை ஒன்றுகூடக் கிடையாது. சரி, கல்லணை வரைக்கும் என்பது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. அவர் வயலை ஒட்டிய ஒன்றரை மைல் கரை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒன்றரை மைலுக்குள் எந்தப் புதரில் எது தங்குகிறது என்று பறவைகளே அவரிடம் வந்து விசாரித்துக்கொண்டு போகலாம்.

தொண்ணூற்றெட்டு மார்கழியில், கல்யாணத்துக்குப் பிறகு முதல்தடவையாக மகன் பிரபு சிங்கப்பூரிலிருந்து மனைவியோடு வந்தான். மருமகள் குந்தவை அங்கேயே பிறந்து வளர்ந்தவள். வந்த மறுநாள் விடிந்ததும் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு, "மாமா, உங்க ஆத்தைக் காட்டுறீங்களா?" என்றாள். தூங்குகிறவனை எழுப்பாமல் இருவரும் கிளம்பினார்கள். துரைக்கண்ணுவின் மனைவி மங்களாம்பிகை காப்பித் தூக்கோடு பின்னால் வந்தாள்.

ஆற்றின் மேல் பனி இன்னும் கலையவில்லை. மணல்திட்டில் நாணல் நனைந்து சாய்ந்து கிடந்தது.

"அதோ தண்ணி ஓரத்துல மடையான். காத்து வர்ற பக்கமாத் திரும்பித்தாம்மா கிளம்பும், பாரு."

மண்ணோடு மண்ணாக நின்ற பறவை, அவர் சொன்ன பக்கமே திரும்பி, பளீரென்று வெள்ளைச் சிறகை விரித்து எழும்பியது. குந்தவை மூச்சை அடக்கிப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"அந்த உள்ளான் கூட்டம் ஒரு சுத்து சுத்திட்டு அதே சேத்துக்கு வரும். நாம அசையாம இருந்தாப் போதும்."

அதுவும் வந்தது.

"சிங்கப்பூர்ல எங்க பறவை பாக்குற சங்கத்துல முப்பது வருஷமா இருக்குறவர் ஒருத்தர் இருக்காரு. அவருக்கே இதெல்லாம் தெரியாது மாமா. இனிமே வருஷா வருஷம் உங்களோடதான் பாக்கப்போறேன்."

துரைக்கண்ணுவுக்குப் பிடரி சுட்டது. காற்று வரும் பக்கம் அவருக்குத் தெரிந்ததெல்லாம், கண்ணி வைப்பது அந்தப் பக்கம் என்பதால். அசையாமல் உட்காரப் பழகியது வலைக்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு. அந்த நோட்டில் ஏறிய ஒவ்வொரு வரியும் ஒரு குழம்பில் முடிந்தது. அது தெரிந்தால் இந்தப் பெண் இன்னொரு தடவை அவரோடு கரைக்கு வருவாளா?

"எப்படி மாமா இவ்வளவும் கத்துக்கிட்டீங்க?"

வரப்பில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத்தான் என்று ஒரு பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவள் பென்சிலோடு காத்திருந்தாள். அதையும் எழுதிக்கொள்வாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"பிடிச்சிருக்கேம்மா," என்றார், கால்விரல் இடுக்கில் பிதுங்கிய சேற்றைப் பார்த்தபடி. "கண்ணி வச்சு. சின்ன வயசுல... ஒண்ணு ரெண்டு."

பென்சில் நின்றுவிட்டது. குந்தவை ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மங்களாம்பிகை தம்ளரில் காப்பியை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணு ரெண்டா? பிரபு சிங்கப்பூருக்குக் கிளம்பின அன்னிக்கு மட்டும் ஏழு மடையான் உரிச்சேன் நானு. அப்ப இவருக்கு வயசு அம்பத்திரெண்டு."