தொட்டியில் ஒரு பழுப்புக் கோடு

குழாய்க்காரர் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தண்ணீர் கேட்பார். தாகத்தால் அல்ல, குழாயைப் பார்ப்பதற்கு. முப்பத்தோரு வருடம் ஊரார் வீட்டுக் குழாய்களைத் திருகிய கை சும்மா இருக்குமா?

“எங்கம்மா வீட்டுக்கு முதல் தடவ வந்தப்ப என்னைப் பாக்கல, பாத்திரம் கழுவுற தொட்டிக்கு அடியில குனிஞ்சு பாத்தாரு” என்று அவர் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் கண்ணை நம்பித்தான் இந்தக் குளிர் மேட்டுக்கு வந்திருந்தாள். சொந்த மண்ணில் விளைந்ததைத் தின்று, கடை கண்ணிக்குப் போகாமல் மீதிக் காலத்தை ஓட்டுவது இருவருக்கும் பத்து வருட ஆசை. நகரத்து வீட்டை விற்றால்தான் இந்த இடத்தை வாங்க முடியும். ஆழம் தெரியாமல் காலை விட்டால், திரும்பிப் போகக் கூரை இருக்காது.

இடத்தை விற்கும் வீட்டுக்காரம்மா அறுபதைத் தாண்டியவள், தனியாக இருந்தாள். கிழங்குப் பாத்தி, கோழிக்கூடு, கூரையைத் தொடும் விறகடுக்கு என்று உற்சாகமாகச் சுற்றிக் காட்டினாள். மனைவி மண்ணை அள்ளிப் பிசைந்தாள். கருகருவென்று இருந்தது. அவள் முகம் மலர்ந்தது.

“குளிர்ல குழாய் உறையுமாக்கா?” என்றார் குழாய்க்காரர்.

“நான் இருக்குறப்ப ஒரு நாளும் உறைஞ்சதில்ல தம்பி.”

சமையலறையில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். டம்ளரைக் கழுவும் சாக்கில் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். குழாய்க்கு நேர்கீழே தொடங்கி வடிகால்வரை விரல் அகலத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. குழாயோ இறுக மூடியது, சொட்டுக்கூட ஒழுகவில்லை. யாரோ வேண்டுமென்றேதான் ஒழுக விட்டிருக்கிறார்கள். ஓடும் தண்ணீர் சட்டென்று உறையாதே!

“ராத்திரி குழாயக் கொஞ்சம் திறந்து விட்டுட்டுத்தானே படுப்பீங்க?”

குட்டு உடைந்தது. “நீ மனுஷனா, மோப்ப நாயா?” வீட்டுக்காரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “அதுக்கும் மசியாத கடுங்குளிர் ரெண்டு மாசம் மக வீட்டுக்குப் போயிடுவேன். நான் இருக்குறப்ப உறைஞ்சதில்லன்னுதானே சொன்னேன்? பொய்யா?”

“பொய்யில்லக்கா. பாதி.”

கடப்பாரை வாங்கிச் சுவரோரம் தோண்டினார். ஒரு முழத்திலேயே குழாய் தட்டுப்பட்டது. அதற்குக் கீழே ‘ணங்’கென்று பாறை. குளிர் எட்டாத ஆழத்தில் குழாயைப் பதிக்க வழியே இல்லை.

“அப்ப வேணாமாங்க?” மனைவியின் குரல் இறங்கிவிட்டது. கையில் ஒட்டிய மண்ணை அவள் இன்னும் தட்டவில்லை.

அவர் குழாய் வரும் வழியே நடந்தார். நாற்பத்திரண்டு தப்படி. சரிவின் கீழே கிணறு, அதை ஒட்டி ஒரு பழைய கொட்டகை.

“கிணறு?”

“கிணறு எந்தக் குளிர்லயும் உறையாது தம்பி. வீட்டுக்கு வர்ற வழியிலதான் எல்லா வம்பும்.”

குழாய்க்காரர் தலையைச் சொறிந்தார். தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுவருவதைத் தவிர வேறு எதையும் அவர் யோசித்ததே இல்லை. மனைவிதான் கொட்டகைக்குள் நுழைந்தாள்.

“ஏங்க, சமையக்கட்டை இங்க வெச்சா? தண்ணி நம்மகிட்ட வரலைன்னா நாம அதுகிட்ட வந்துட்டுப் போறோம்.”

கொட்டகைத் தரையில் கடப்பாரையை ஓங்கிக் குத்தினார். சத்தமே இல்லாமல் பாதிக்கு மேல் இறங்கியது.

“ஜன்னல் இந்தப் பக்கம்” என்றாள் மனைவி.

“அது கெடக்கட்டும். தொட்டி எங்கேன்னு மொதல்ல சொல்லு.”