துறைமுகத்தில் கிடந்த கோட்டுகள்

நான் பெரிதாகப் படித்த ஆள் இல்லை. ஆனாலும் கிரைமியாப் போரைப் பற்றி யாராவது கேட்டால் இப்போதும் பத்து நிமிடம் பேசுவேன். பேசி முடிக்கும்போது ஆளை நிமிர்ந்து பார்க்க முடியாது.

அப்போது ஆறாம் வகுப்பு. கனடாவில், ஸ்காபரோவில் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். ரீச்சர் ஆளுக்கொரு போரைப் பிரித்துக் கொடுத்தா. எனக்கு வந்தது பிரித்தானியப் படை ரஷ்யாவோடு சண்டைக்குப் போன கதை. பனிக்கு முன்னம் சண்டை முடிந்துவிடும் என்ற நினைப்பில் கப்பல் ஏறினார்கள். முடியவில்லை. பனி வந்தது. மேட்டில் படை விறைத்தது. பிறகு வந்த கோட்டுகளும் துறைமுகத்திலேயே கிடந்தன. கொடுக்கச் சொல்லிக் கடுதாசி எழுதவேண்டியவர்கள் எழுதவில்லை. படை இருந்தது சில மைல் தள்ளித்தான்.

அந்தக் கிழமை எங்கள் வீட்டிலும் ஒரு கோட்டு இருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, வெள்ளிக்கிழமை பின்னேரம் ஊரிலிருந்து வந்து இறங்குகிறார். தை மாதம். ஊரிலிருந்து ஆள் வந்தால் எங்கள் ஆக்கள் விமான நிலையத்துக்குப் பூ கொண்டு போவதில்லை, கோட்டுத்தான் கொண்டு போவார்கள். அம்மா பழைய உடுப்புக் கடையில் ஒன்று எடுத்து, கழுவி, பித்தளைப் பொத்தான் தைத்து, கதவுக்குப் பின்னால் கொழுவி வைத்திருந்தா. பார்க்க அசல் பட்டாளத்தான் கோட்டு.

வெள்ளி காலை அதைப் பள்ளிக்கூடப் பைக்குள் அமத்திக்கொண்டு போனேன். கேட்கவில்லை. கேட்டால் தரமாட்டா. போட்டுக்கொண்டு வகுப்புக்கு முன்னால் நின்றேன். ஒரு கோட்டைக்கூட நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரியாத படை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். அந்தச் சந்தோஷப் புளுகத்தில் கோட்டை வகுப்பறையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக் கதவைத் திறந்த பிறகுதான் நினைவு வந்தது. பள்ளிக்கூடம் பூட்டியாயிற்று. கோட்டை அப்பா காரில் வைத்திருப்பார் என்று அம்மா நினைத்தா. அம்மா எடுத்திருப்பா என்று அப்பா நினைத்தார். எனக்குத் தெரியும். மிசிசாகா விமான நிலையம் போய்ச் சேரும் மட்டும் பின் சீற்றில் வாய் திறக்காமல் இருந்தேன்.

மாமா அரைக்கைச் சட்டையும் செருப்புமாக வந்தார். விமான நிலைய வாசலைத் தாண்டினதும் குளிரில் பல் அடித்தது. "என்ன அத்தான், ஐஸ்பெட்டியைத் திறந்து விட்டிருக்கிறியளோ?" என்று சிரித்தார்.

அப்பா தன் கோட்டைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"சொந்தத் தம்பிக்கு ஒரு கோட்டு எடுத்து வைக்கேலாதே உமக்கு?"

அம்மா என்னைப் பார்த்தா. நான் சப்பாத்தைப் பார்த்தேன்.

"மறந்திட்டன்," என்றா.

"விடுங்கோ அத்தான்," என்றார் மாமா. "சின்னனிலை அக்கா என்னைச் சந்தையிலையே மறந்திட்டு வந்தவ."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சனியும் ஞாயிறும் மாமாவைப் பார்க்க ஆக்கள் வந்தார்கள். பக்கத்து நகரமான மார்க்கத்திலிருந்தும் வந்தார்கள். வந்த ஒவ்வொருவருக்கும் அப்பா அந்தக் கதையைச் சொன்னார்.

"கூடப் பிறந்ததையே விறைக்க விட்டீரோ?" என்று ஒரு அன்ரி கேட்டா.

"ஓம், வயசு போகுதெல்லே," என்று அம்மா தேத்தண்ணி நீட்டினா. அவவுக்கு அப்போது முப்பத்திநாலு.

ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்று எழும்புவேன். வடைத் தட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு இருந்துவிடுவேன்.

திங்கள் காலை அம்மா சாப்பாட்டுப் பெட்டியோடு ஒரு பெரிய வெறும் பையையும் மடித்துத் தந்தா. எதற்கென்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பின்னேரம் கோட்டை அதற்குள் வைத்தேன். அளவாக இருந்தது. நல்ல காலம், இன்றைக்குப் பார்த்து ஒரு பை கிடைத்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.