பொட்டுக்குக் கீழே

என்னைப் போல அம்மனை நம்பும் உங்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். கொஞ்சம் கசப்போடுதான் சொல்கிறேன்.

என் மகள் தாரிணிக்கு ஒரு மாதம் கடந்ததும் மூச்சில் சத்தம் வந்தது. இழுக்கும்போது விசில் போல. அழுதால், பால் குடித்தால் அதிகமாகும். இங்கே மலேசியாவில், எங்கள் ஊர் கூலிமில் கிளினிக்குக்குப் போனேன். சளி என்றார்கள். மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. திரும்பப் போனேன். திரும்பவும் சளி.

"படிச்சவள்னு பேரு. ஹேண்ட்போனைப் பார்த்துப் பார்த்து பிள்ளைக்கு நோவு தேடுறியா? சளிதான்லா," என்றார் அத்தை, என் கணவரின் அம்மா.

எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்தது.

தாரிணியின் தாடையில் சிவப்பாக ஒரு மச்சம். பிறந்தபோது இல்லை, பிறகு வந்தது. "நாலு பேரு கண்ணு படும், மறைச்சு வை," என்றார் அத்தை. வெளியே கிளம்பும்போதெல்லாம் அதன் மேல் பெரிய கறுப்புப் பொட்டு வைத்தேன். கிளினிக்குக்கும் அப்படியேதான் தூக்கிப் போனேன்.

ஒரு வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நின்றேன். பிள்ளை பால் குடிக்க முடியாமல் திணறினாள். "தாயே, எல்லாரும் சளி என்கிறார்கள். இல்லையென்றால் என்னவென்று நீ காட்டு," என்று அழுதேன். பூசாரி அண்ணன் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். பொட்டு கரைந்து கழுத்தில் வழிந்தது. துடைத்தேன். அப்போதே அவள் நெஞ்சு குழி விழுந்தது. உதடு நீலமானது. கணவர் காரை எடுத்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

திரும்பப் பொட்டு வைக்க நேரமில்லை.

டாக்டரம்மா முகத்தைத் திருப்பிப் பார்த்தார். "இந்தச் சிவப்பு எப்பலேருந்தும்மா?"

"மச்சம்தான் டாக்டர்."

"மச்சம் இல்லம்மா. ரத்தக் குழாய்க் கட்டி. இங்க இருந்தா தொண்டைக்குள்ளயும் இருக்கலாம். இதை ஏன் யாரும் முன்னாடியே பார்க்கல?"

பொட்டைத் துடைத்த துணியைக் கைக்குள் மடித்துக்கொண்டேன்.

கேமரா விட்டுப் பார்த்தார்கள். குரல்வளைக்குக் கீழே அதே சிவப்புக் கட்டி, மூச்சுப் பாதையை அடைத்துக்கொண்டு. அபூர்வம் என்றார்கள். கட்டியைச் சுருக்கும் மருந்து கொடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் அடங்கியது.

"பொட்டில்லாம கொண்டுபோனே, பிள்ளை ஆஸ்பத்திரியில படுத்துடுச்சு," என்று அத்தை இன்னும் சொல்கிறார். முன்பென்றால் தலையாட்டியிருப்பேன். இப்போது என் வீட்டில் மைடப்பாவே இல்லை.

தாரிணி சத்தமில்லாமல் தூங்குகிறாள். என் கசப்பு இன்னும் போகவில்லை. ஆனால் அம்மனிடம் காட்டு என்று கேட்டேன், காட்டினாள். என் கையாலேயே நான் மறைத்து வைத்ததைக் காட்டினாள். நீங்களும் நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, பிள்ளையின் முகத்தை நன்றாகக் கழுவி டாக்டரிடம் காட்டுங்கள்.