கண்மை படாத இமைமுடி

அலெக்ஸாந்திரியாவில், எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்குச் சீவல் எடுத்துக் கொடுப்பதில் ஆய்வுக்கூட உதவியாளர் இன்ஸாஃபை மிஞ்ச ஆள் கிடையாது. பிசினில் இறுகிய சதைத் துணுக்கை அவர் கண்ணாடிக் கத்தியில் சீவினால், சீவல்கள் தண்ணீரில் வெள்ளி நிறமாக வரிசை கட்டி மிதக்கும். அவற்றை நகர்த்தி, நுண்ணோக்கியில் வைக்கும் சின்னச் செப்பு வலையில் ஏற்ற, குச்சி நுனியில் ஒட்டிய ஓர் இமைமுடிதான் கருவி. அதைவிட மென்மையானதை எந்தக் கடையிலும் விற்கவில்லை. முடி அவருடையதுதான். பக்கத்து ஆய்வுக்கூடத்தாரும் கேட்டு வாங்கிப் போவார்கள்.

1984 மார்ச்சில் தங்கை கல்யாணத்தின் மருதாணி விழாவுக்குப் போய்விட்டு, மறுநாள் காலை மை கலையாத கண்ணோடு வேலைக்கு வந்தார். ஆய்வு மாணவன் வக்தி வாசலிலேயே நின்றிருந்தான். மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனின் செல் சவ்வைப் படமெடுத்தால்தான் அவன் ஆய்வேடு முடியும். அதைக் கொடுக்க மறுநாளே கடைசி நாள். மீன் பருவமும் போய்விட்டது. மிஞ்சியிருந்தது ஒரே துணுக்கு.

பழைய குச்சியில் முடி உதிர்ந்திருந்தது. இன்ஸாஃப் தன் இமையிலிருந்து ஒன்றைப் பிடுங்கி ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

நுண்ணோக்கியின் பச்சைத் திரையில் சவ்வு தெரிந்தது. இரண்டு கருங்கோடுகள், நடுவே வெளிறிய கோடு. கொழுப்பு மூலக்கூறுகள் வாலை உள்ளே நீட்டி, இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்பதன் அடையாளம் அது. ஆனால் கோடுகளின் மேலெல்லாம் கரும்புள்ளிகள்.

"அக்கா, இதை இதுவரைக்கும் யாருமே பாத்ததில்ல," என்றான் வக்தி.

இன்ஸாஃப் கண்ணைத் துடைத்து விரலைக் காட்டினார். "நேத்து கல்யாண வீட்டுல எல்லாரும் பாத்தாங்க. என் கண்மைடா இது."

வக்தி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "இன்னும் எத்தனை சீவல் தேறும்?"

"நாலஞ்சு. சுத்தமான முடி வேணும்."

"கழுவிட்டு எடுங்களேன்."

"எண்ணெயில குழைச்ச மை, லேசுல போகாது. இன்னொரு தடவை தப்பாப் போனா துணுக்கு காலி."

"அப்ப என்னுது?"

"உனக்கு இமையில முடி இருக்கறதே நுண்ணோக்கியிலதான் தெரியும்."

ஆய்வுக்கூடத்தில் இன்னொருவருக்கு ஒட்டகத்துக்கு இருப்பதுபோல நீண்ட இமைமுடி உண்டு. துறைத் தலைவர் லம்லூம். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. வக்தி கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான். இன்ஸாஃப் உள்ளே போனார்.

"என்ன வேணும்?"

"உங்க இமைமுடி ஒண்ணு, டாக்டர்." நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

லம்லூம் மெல்லக் கண்ணாடியைக் கழற்றினார். "வலிக்குமா?"

"பொம்பளைங்களுக்கு வலிக்காது. ஆம்பளைங்களுக்கு எப்படின்னு தெரியல."

"ஒண்ணுதான். என் வீட்டுக்காரி எண்ணி வெச்சிருக்கா."

மூன்றாவது சீவல் சரியாக அமைந்தது. திரையில் இரண்டு கருங்கோடுகள் ஒரு புள்ளிகூட இல்லாமல் ஓடின. வக்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு படமெடுத்தான். பின்னால் வந்து குனிந்து பார்த்த லம்லூமுக்கு, முடி பிடுங்கிய கண்ணில் மட்டும் நீர் வழிந்தது.

"தலைவர் அழறாரு," என்று கிசுகிசுத்தான் வக்தி.

"இருடா, உன் ஆய்வேட்டை அவரு இன்னும் படிக்கலையே," என்றார் இன்ஸாஃப்.