அண்ணத்துத் திருகாணி

ராஜபாளையத்தில் ஒரு பருத்தி ஆலையில் மிஷின்களைப் பூட்டிப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தவன் நான். எந்த இரும்பும் என் சொல்லுக்குக் கட்டுப்படும் என்ற திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிர்தான் என் மகளின் வாயைக் கெடுத்தது.

அவளுக்கு அப்போது பதினோரு வயது. அண்ணம் குறுகலாக இருந்ததால், வலப்பக்கத்து மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உட்புறமாக விழுந்தன. அந்தப் பக்கம் எதையும் மெல்ல முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாதம் ஒருமுறை வந்துபோன பல் டாக்டர், அண்ணத்தில் பொருந்துகிற தட்டு ஒன்று செய்து கொடுத்தார். இரண்டு பாதி, நடுவில் சின்னத் திருகாணி. வாரம் ஒருமுறை கால் சுற்று திருகினால் தட்டு விரியும். வளர்கிற பிள்ளை என்பதால் அண்ணமும் கூடவே விரியும் என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இது நம் வேலையாயிற்றே!

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் நானே திருகுவேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். ஒருமுறைகூட வலிக்கிறது என்று சொன்னதில்லை. ஏழெட்டு மாதத்தில் பற்கள் சரியாக வந்து உட்கார்ந்தன. ஒரு கொய்யாக்காயை வலப்பக்கமாகவே மென்று காட்டினாள். தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

"இனித் திருக வேண்டாம். ஆனா இன்னும் ஒரு வருஷம் தட்டு வாயிலயே இருக்கணும். விரிஞ்ச இடத்துல எலும்பு கெட்டியாகணும்" என்றார் டாக்டர்.

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். கிறிஸ்துமஸுக்கு அவள் சபையில் வசனம் ஒப்பிக்க வேண்டியிருந்தது. தட்டோடு பேசினால் நாக்கு குழறியது. ஆலையில் மிஷினைச் சுழற்றும் ஷாப்டை ஜாக்கி வைத்துத் தூக்கி நிறுத்தி மட்டம் பார்த்தாயிற்று என்றால் ஜாக்கியை எடுத்துவிடுவோம். இங்கே மட்டும் எதற்கு?

"தட்டக் கழட்டுடி" என்றேன்.

"டாக்டர் ஒரு வருஷம்னு சொன்னாரேப்பா?"

"எம்புட்டு மிஷினப் பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

வசனத்தைக் கணீரென்று ஒப்பித்தாள். தட்டு என் கருவிப்பெட்டிக்குள் போனது.

கோடையில் அவள் மாங்காய் தின்னும்போது பார்த்தேன். பழையபடி இடப்பக்கமாகவே மென்றாள். கேட்டால், "ஒண்ணுமில்லப்பா" என்றாள். தட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன், ஏறவில்லை. அதை நுழைக்கத் திருகாணியைப் பின்பக்கமாகச் சுற்றினேன். சுற்றிக்கொண்டே இருந்தேன். ஏறக்குறைய முழுவதையும் திருப்பிய பிறகுதான் பொருந்தியது. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் வீண். விட்டதைப் பிடிக்கும் அவசரத்தில் மறுபடி அளவுக்கு மிஞ்சித் திருக, தட்டு உடைந்தது. டாக்டரோ அதற்குள் பட்டாளத்தில் சேர்ந்து யுத்தத்துக்குப் போயிருந்தார். வேறு ஒருவரைத் தேடிப் பிடிப்பதற்குள் அவள் வளர்ந்து முடித்திருந்தாள், இனித் தட்டுக்கு அண்ணம் விரியாது.

இப்போது தளவாய்புரத்தில் அவளுக்குக் குடும்பம். நான் போனால் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவாள். அப்போது மட்டும் வலப்பக்கமாக மெல்லுவாள், எனக்காகத்தான். நடுவில் கன்னம் கடிபடும். கண்ணை இறுக மூடிக்கொள்வாள், வலிக்கிறது என்று சொல்லமாட்டாள்.